லயம் என்னும் சொல்: லிந்துலைத் தோட்டப் பேச்சை முன்வைத்து

1

ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் வேறுவேறாகத் தொகுத்துக் காட்டும் முறை தமிழுக்குப் புதியதன்று. திவாகரம் தொடங்கிப் பிங்கலம், சூடாமணி வரை நிகண்டுகள் இவ்விரு வகைத் தொகுதிகளையும் பேணின. பிற்காலத்து ஆங்கில-தமிழ் அகராதிகள் அகரவரிசையை மேற்கொண்டனவாயினும், சொல்லொன்றை எடுத்து அதற்கு நேரான தமிழ்ச் சொற்களை அடுக்கிச் செல்வதில் நிகண்டின் வழியிலேயே நின்றன. மாணவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இம்முறையாற் கிடைக்கும் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அடுக்கப்பட்ட பொருள்களுள் எது எந்த மக்களிடம் எவ்வழியாக வந்து சேர்ந்தது, எது வராமலே போயிற்று என்ற வினாவுக்கு அந்த அடுக்கு விடை தருவதில்லை. சொற்பொருளின் சமூக வரலாறு அவ்வினாவிலேயே தொடங்குகிறது.

‘லைன்’ என்ற மிகச் சாதாரணமான ஆங்கிலச் சொல்லைக் கொண்டு அவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நுவரெலியா மாவட்டத்தில் தலவாக்கலையை அடுத்து அமைந்துள்ள லிந்துலைப் பகுதியின் தேயிலைத் தோட்டப் பேச்சினை இதற்கு ஆதாரமாகக் கொள்கிறோம். ஈண்டுக் கூறப்படுவனவற்றுட் பெரும்பாலானவை மலையகத்தின் பிற பகுதிகளுக்கும் பொருந்தும்.

2

ஆங்கிலத்தில் இச்சொல்லின் வேர் இலத்தீனுக்குச் செல்கிறது. ஆளிச் செடியின் நாரையும், அந்நாரால் திரித்த நூலையும் குறித்த சொல்லிலிருந்து அது பிறந்தது. லினன் என்னும் துணியின் பெயரும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. நூல் கயிறாயிற்று. தச்சனும் கொத்தனும் இழுத்துப் பிடித்த கயிறு நேர்மையைக் காட்டியது. அந்த நேர்மை தாளிலே கோடாயிற்று, நிலத்திலே எல்லையாயிற்று, ஒருவர் பின் ஒருவர் நிற்கையில் வரிசையாயிற்று, தந்தைக்குப் பின் மைந்தன் என்று எண்ணுகையில் வமிசமாயிற்று, செய்யுளிலே அடியாயிற்று, போர்க்களத்திலே அணியாயிற்று.

இவற்றுக்குத் தமிழில் நேர் சொற்கள் தாராளமாகவே உள்ளன. கயிறு, நூல், இழை என்பன ஒரு கூட்டம். கோடு, கீற்று, வரி என்பன மற்றொன்று. வரிசை, நிரை, அணி, ஒழுங்கு என்பன வேறொன்று. எல்லை, வரம்பு, பாதை, தடம், வழி, மரபு என இன்னும் நீட்டலாம். இவற்றுள் எதுவும் ஆங்கிலச் சொல்லின் முழுப் பரப்பையும் தழுவுவதில்லை. ‘வரி’ ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் அது கோட்டையும் எழுத்தையும் குறிப்பதோடு ஒருவகை இசைப்பாட்டையும், அரசிறையையும் குறித்துத் தன் வழியே சென்றுவிடுகிறது. இருமொழி அகராதியிலே ஒரே பதிவின் கீழ் நிற்பதனால் மட்டும் இச்சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடா என்பது மனங்கொள்ளத்தக்கது.

மேற்கூறிய பட்டியலில் நாம் வேண்டுமென்றே ஒரு பொருளை விட்டுவைத்தோம். படை தங்கும் பாசறையிலே வரிசையாக அமைக்கப்பட்ட கூடாரங்களையும் குடிசைகளையும் ஆங்கிலேயர் ‘லைன்’ என்றே வழங்கினர். பிரித்தானிய இந்தியாவின் படைநகர்களில் சிப்பாய்களின் இருப்பிடத்துக்கு இப்பெயர் நிலைத்தது. வட இந்திய நகரங்கள் பலவற்றில் அதிகாரிகளின் குடியிருப்புப் பகுதி ‘சிவில் லைன்ஸ்’ எனப்பட்டதும் இதன் தொடர்ச்சியே. அகராதியிலே கடைசி வரிகளுள் ஒன்றாக ஒதுங்கிக் கிடக்கக்கூடிய இப்பொருள்தான் லிந்துலைத் தொழிலாளியின் வாழ்வில் முதற்பொருளாயிற்று.

3

லிந்துலைப் பகுதியில் இன்று இவ்வாங்கிலச் சொல் இரண்டு வடிவங்களில் வழங்குகிறது. மின்சாரம் பழுதுபார்க்க வருபவர் ‘லைன்மேன்’. 1885இல் தலவாக்கலையைக் கடந்து நானுஓயா வரை வந்து சேர்ந்த புகையிரதப் பாதை ‘ரயில் லைன்’. தொலைபேசியிலே கிடைப்பதும் கிடைக்காததும் ‘லைன்’. இவ்வழக்குகளில் சொல் ஆங்கில ஒலியோடு ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. குடியிருப்பைக் குறிக்கும்போது மட்டும் அது ‘லயன்’ என்றும் ‘லயம்’ என்றும் ஆகிறது. இரண்டும் ஒரே சொல் என்ற உணர்வு பேசுவோரிடம் பெரும்பாலும் இல்லை. ஒரே சொல்லைத் தமிழ் இருமுறை கடன் வாங்கியிருக்கிறது. முன்னது பள்ளிக்கூடமும் இயந்திரமும் எழுத்தும் தந்த சொல். பின்னது எழுத்தறியாத மக்கள் காதால் வாங்கி நாவால் திருத்திக்கொண்ட சொல்.

திருத்தம் நிகழ்ந்த முறையை நோக்குதல் தகும். ஐகாரம் தமிழில் ‘அய்’ என ஒலிப்பதுண்டு. ‘லய்ன்’ என்பதிலுள்ளது போல யகரமும் னகரமும் சேர்ந்து சொல்லின் ஈற்றில் நிற்றல் தமிழ் இயல்பன்று. ஆகவே இடையே ஓர் உயிர் நுழைந்து ‘லயன்’ ஆயிற்று. இனி, நிலம்-நிலன், கலம்-கலன் என மகரமும் னகரமும் ஈற்றில் மயங்கும் போலி நம் இலக்கணம் அறிந்ததே. அப்போலி எதிர்த்திசையில் இயங்கி ‘லயன்’ என்பதை ‘லயம்’ ஆக்கிற்று. மகர ஈறு வாய்த்ததும் சொல் முழுமையாகத் தமிழ்ப் பெயராகிவிட்டது. ‘லைனில்’, ‘லைனுக்கு’ என்று உருபேற்பது அயற்சொல்லின் நடை. ‘லயத்தில்’, ‘லயத்துக்கு’ என்று அத்துச் சாரியை பெற்று நடப்பது மரத்துக்கும் நிலத்துக்கும் உரிய நடை. வடசொல் தமிழுக்கு வரும்போது தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் எனத் தொல்காப்பியம் விதித்தது. பல நூற்றாண்டுகளின் பின், இலக்கண நூலொன்றையும் காணாத தோட்டத் தொழிலாளி அவ்விதியை ஆங்கிலச் சொல்லின் மீது செலுத்தியிருக்கிறார்.

இச்செய்தியை வெறும் ஒலியியல் வியப்பாகக் கொண்டு நாம் அமையலாகாது. சொல்லை இம்மக்கள் தமக்குச் சொந்தமாக்கிக் கொண்டனர். அச்சொல் குறித்த குடியிருப்போ தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தின் உடைமையாகவே இருந்தது. சொல்லிலே நிகழ்ந்த உரிமைமாற்றம் பொருளிலே நிகழவில்லை. இம்முரண்பாடே நமது ஆய்வின் மையமாகும்.

4

லயத்தின் உள்ளே சென்றால் வேறு சில சொற்கள் எதிர்ப்படுகின்றன. லயத்தின் ஒவ்வோர் அறையும் ‘காம்பரா’. இது போர்த்துக்கேயச் சொல். முன்புறத் தாழ்வாரம் ‘இஸ்தோப்பு’. இது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். கட்டடம் முழுவதற்கும் பெயர் ஆங்கிலேயர் தந்தது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓரறையிலும் அதன் முன்னுள்ள ஒடுங்கிய தாழ்வாரத்திலும் இலங்கையை அடுத்தடுத்து ஆண்ட மூன்று ஐரோப்பிய வல்லரசுகளின் சொற்களும் குடியிருக்கின்றன. இவ்வரிசையிலே வாசலும் அடுப்படியும் தமிழாகவே எஞ்சின. கோலமிடும் இடமும் உலை வைக்கும் இடமும் பெண்களின் ஆட்சியில் இருந்தமை இதற்குக் காரணமாகலாம்.

காலையில் தொழிலாளர் வேலைக்கு அணிவகுக்கும் இடமும் நிகழ்ச்சியும் ‘பெரட்டு’ எனப்படும். இது ‘பரேட்’ என்னும் படைச்சொல்லின் திரிபு. தங்குமிடத்துக்கும் படைச்சொல், எழுந்து நிற்குமிடத்துக்கும் படைச்சொல் என்றால், தோட்டத்தை நிறுவியோர் தொழிலாளரை எவ்வாறு கண்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. குடும்பமாக வாழ்பவரை அவர்கள் காணவில்லை. எண்ணித் திரட்டி நிறுத்தக்கூடிய உழைப்பையே கண்டனர். தொழிலாளி ஒரு நாள் வேலை செய்ததாகப் பதியப்படுவது ‘பேர்’ என்றும், பாதி நாளுக்குரியது ‘அரைப்பேர்’ என்றும் வழங்குவதை இதனோடு சேர்த்து நோக்கலாம். மனிதரின் பெயர் கூலியின் அலகாகிவிட்டது.

படைப்பாசறை தற்காலிகமானது. கோப்பிக் காலத்துத் தோட்டக் குடிசைகளும் அவ்வாறே கருதப்பட்டன. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மிகுந்த ஆள் தேவைப்பட்டது. பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் தென்னிந்தியக் கிராமங்களுக்குத் திரும்பினர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்க, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அடுத்த இருபது ஆண்டுகளுள் மலையெங்கும் பரவியது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் உட்பட முழுக் குடும்பமும் நிரந்தரமாகத் தங்கலாயிற்று. பயிர் மாறியது; உழைப்பின் காலக்கணக்கு மாறியது; வசிப்பின் தன்மையும் மாறியது. பாசறைக்குரிய பெயரும் அதன் அமைப்பும் மட்டும் மாறவில்லை. தற்காலிகத்துக்கென வந்த சொல் நிரந்தரத்தின் மீது ஒட்டிக்கொண்டது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நிலையன்று. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் ‘லயம்’ என்ற சொல்லே வழங்குகிறது. வயநாட்டுத் தோட்டங்களில் ‘பாடி’ என்பர். பாடி பழந்தமிழ்ச் சொல். ஊரைக் குறிப்பதோடு படைத்தங்கலையும் அது குறிக்கும்; ‘பாடிவீடு’ பாசறையே. ஆங்கிலச் சொல்லை விடுத்துத் தமிழ்ச் சொல்லை ஆண்ட இடத்திலும் பாசறையின் நிழல் விழுகின்றமை சிந்தனைக்குரியது. சொல் எம்மொழியினது என்பதைவிட, அது எவ்வகை உறவிலிருந்து பிறந்தது என்பதே முதன்மையானது.

5

இங்கு ஓர் ஐயம் எழலாம். வரிசையைக் குறிக்கத் தோட்ட மக்களிடம் தமிழ்ச் சொல் இருக்கவில்லையா? இருந்தது; இன்றும் இருக்கிறது. தேயிலைச் செடிகளின் வரிசையை அவர்கள் ‘நிரை’ என்கின்றனர். பேச்சில் அது ‘நெரை’ ஆகும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குக் காலையில் நிரை குறித்துக் கொடுக்கப்படும். அவள் நிரை பிடித்து ஏறுவாள். நிரை என்பது சங்கச் செய்யுளிலும் வழங்கும் சொல். வரிசை என்ற பொருளோடு பசுக்கூட்டம் என்ற பொருளும் அதற்குண்டு. வெட்சித்திணையில் கவரப்படுவதும் கரந்தையில் மீட்கப்படுவதும் அந்நிரையே. வரண்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த உழவர் குலத்தார் அச்சொல்லைத் தம்மோடு மலைக்குக் கொண்டுவந்தனர்.

ஆக, தேயிலைச் செடி வரிசையாக நின்றால் நிரை. மனிதர் வரிசையாகக் குடியிருந்தால் லயம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் அடங்கக்கூடியது இங்கு இரண்டாகப் பிளந்து நிற்கிறது. இப்பிளவு தற்செயலானதன்று என்பது நமது கருத்து. செடியை நட்டவர்களும் வளர்த்தவர்களும் இம்மக்கள். அத்தொழிலின் அறிவு அவர்களுடையது. எனவே பெயரிடும் உரிமையையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். தேயிலைப் பரப்பு ‘மலை’, இளந்தளிர் ‘கொழுந்து’, தோட்டத்தின் பிரிவு ‘கணக்கு’. ஆங்கிலப் பெயர் பூண்ட தோட்டங்களுக்கே தமக்கெனத் தமிழ்ப் பெயர் சூட்டியவர்கள் அவர்கள். தாம் வாழும் கட்டடத்தின் இடத்தையோ அளவையோ அமைப்பையோ தீர்மானிப்பதில் மட்டும் அவர்களுக்குப் பங்கிருக்கவில்லை. பங்கில்லாத பொருளுக்குக் கொடுத்தவனின் சொல்லே பெயராயிற்று.

சொற்கள் எதிர்த்திசையிலும் சென்றன. கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை, துண்டு ஆகிய சொற்கள் தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்தில் புகுந்தன. தொழிலாளியின் கடனைக் குறித்து ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்லும் சீட்டே துண்டு. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆள் திரட்டவும், வேலை வாங்கவும், கடனிற் பிணிக்கவும் தேவையான சொற்களை ஆங்கிலம் தமிழிடம் வாங்கிற்று. உறங்கவும் அணிவகுக்கவும் உரிய சொற்களைத் தமிழுக்குக் கொடுத்தது. துரைமாருக்கென எழுதப்பட்ட தமிழ்க் கைந்நூல்களை ஆராய்ந்து மு. நித்தியானந்தன் 2014இல் வெளியிட்ட ‘கூலித் தமிழ்’ என்னும் நூல், மொழியே அதிகாரத்தின் கருவியாக இயங்கிய வரலாற்றுக்கு நம் கவனத்தைத் திருப்பியது. அவ்வாய்வைத் தொழிலாளரின் அன்றாடச் சொற்களஞ்சியம் வரை கொண்டுசெல்ல வேண்டிய கடமை நமக்குண்டு.

6

இச்சொல்லை எழுத்துலகம் கையாண்டுள்ள முறைகள் சிலவற்றை இனி நோக்குவோம்.

முதலாவது, சொற்பிறப்பு நயங் காணும் முறை. லயம் என்பது குதிரை கட்டும் லாயத்திலிருந்து வந்தது எனச் சிலர் கருதுவர். ஆலயத்தோடு தொடர்புபடுத்துவாரும் உளர். இசையின் லயத்தோடு சேர்த்துச் சிலேடை செய்வோரும் உளர். லாயம் என்னும் விளக்கத்தில் உள்ள கோபம் நியாயமானது. ஆயினும் மொழியியல் அதற்கு இடந்தரவில்லை. ‘லயன்’ என்ற இடைவடிவம் இன்றும் வழக்கிலுள்ளமையே போதிய சான்று. சிங்களத்திலும் இவை ‘லயின் காமர’ என்றே வழங்கும். இசையோடு இணைக்கும் சிலேடையோ இதனினும் தீங்கானது. ஒழுகும் கூரையின் கீழ் ஒரு குடும்பம் முழுவதும் ஓரறையில் உறங்கும் நிலையை அது ஓசையின்பமாக்கிவிடுகிறது.

இரண்டாவது, அடிக்குறிப்பு முறை. மலையகக் கதைகள் வெளியூர் வாசகர்க்கென அச்சாகும்போது ‘லயம் - தொழிலாளர் குடியிருப்பு’ எனக் குறிப்பெழுதுவது வழக்கம். இது பிழையன்று, ஆனால் போதாது. கொழும்பிலே ஓர் ஆலைத் தொழிலாளி வாடகைக்கு இருக்கும் வீடும் தொழிலாளர் குடியிருப்பே. வேலை போனால் கூரையும் போகும் என்ற நிலை லயத்தின் பொருளுக்குள் அடங்கியது. முதலாளியே வீட்டுக்காரனாகவும் இருந்தமையால் வேலைநிறுத்தம் செய்தவர் வீதியையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. இப்பகுதி விடுபட்டால் குறிப்பு சொல்லை விளக்காது, மூடிவிடும்.

மூன்றாவது, தூய்மை முறை. லயம் என்பதை நீக்கித் ‘தொடர்மனை’ என்றோ ‘வரிசை வீடு’ என்றோ எழுதவேண்டும் என்பது. அயற்சொல்லுக்குத் தமிழ்ச்சொல் காணும் முயற்சியை நாம் பொதுவில் வரவேற்கிறோம். ஆனால் இங்கு நீக்கப்படுவது சொல் மட்டுமன்று. இச்சொல்லில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் படிந்துள்ளது. மேலும், அத்துச் சாரியை ஏற்று நடக்கும் இச்சொல்லைத் தமிழன்று என்று தள்ளுவது, அதைத் தமிழாக்கிய மக்களைத் தமிழ்மொழியின் ஆக்கத்திலிருந்து தள்ளுவதாகவும் முடியும்.

படைப்பாளிகள் இவ்விடத்தில் ஆய்வாளரை முந்திச் சென்றுள்ளனர். சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டார். தி. ஞானசேகரன் ‘லயத்துச் சிறைகள்’ என்றார். இத்தலைப்புகள் இரண்டையும் அருகருகே வைத்தால், லயம் வீடன்று என்னும் தீர்ப்பு ஒன்றிலும், அது யாது என்னும் விளக்கம் மற்றொன்றிலும் கிடைக்கிறது. சி.வி. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டிலேயே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர் பிரதிநிதித்துவம் செய்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், குடியுரிமை கோருவோர் 1946ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கு முன்னர் ஏழாண்டுகளோ பத்தாண்டுகளோ தொடர்ந்து வசித்தமையை நிறுவ வேண்டும் என்றது. தம் பெயரில் உறுதியோ வரிச்சீட்டோ இல்லாத லயத்து மக்கள் வசிப்பை எதைக் கொண்டு நிறுவுவது? ‘வீடற்றவன்’ என்பதும், அவரே மற்றொரு நூலுக்கு இட்ட ‘நாடற்றவர் கதை’ என்பதும் ஒரே நிலையின் இரு பெயர்களாவதை இங்குக் காண்கிறோம்.

எனினும் ஒன்று கூறவேண்டும். லிந்துலையில் மாலையில் வேலை முடிந்து திரும்பும் பெண் ‘லயத்துக்குப் போகிறேன்’ என்பதைவிட ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்றே கூறுவாள். எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு என்று வெளியார் கேட்கையில் அடுத்து வரும் விடை லயம். பிள்ளை காத்திருக்கையில் அது வீடு. பிறப்பும் திருமணமும் இறப்பும் அவ்வறைகளிலேயே நிகழ்ந்தன. லயத்தைச் சிறை என்று மட்டும் கண்டு எழுதுவோர், அச்சிறைக்குள் வீட்டை உண்டாக்கிய மக்களின் ஆற்றலைக் காணத் தவறக்கூடும்.

7

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்ற நிலை சட்டவழியில் முடிவுக்கு வந்தது. 2015க்குப் பின்னர் ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்னும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. இவ்வறிவிப்புகளில் வீடு, கிராமம் என்ற சொற்கள் இடம்பெற்றமை முக்கியமானது. லயத்திலிருந்து கிராமத்துக்குச் செல்வது பாசறையிலிருந்து ஊருக்குச் செல்வதாகும். ஆயினும் இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. பொருளியலாளர் ஏழ்மையை அளக்கப் பயன்படுத்தும் அளவுகோலும் ஆங்கிலத்தில் ‘லைன்’ என்பதே. தமிழில் அதனை வறுமைக்கோடு என்கிறோம். ஒரே ஆங்கிலச் சொல்லின் ஒரு பொருளுக்கு உள்ளேயும் மற்றொரு பொருளுக்குக் கீழேயும் வாழும் குடும்பங்களை லிந்துலையில் இன்றும் காணலாம்.

இந்நிலையில் பெயர்மாற்றம் குறித்து நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். பழைய லயத்துக்குச் சுண்ணாம்பு பூசி முகப்பிலே ‘குடியிருப்பு’ என்றோ ‘கிராமம்’ என்றோ எழுதிவிடலாம். நிலத்துக்கு உறுதியும், தனி முகவரியும், வேலை போனாலும் கூரை போகாது என்ற உறுதிப்பாடும் இல்லாத வரை அது லயமே. அகராதி தொகுப்போர் இச்சொல்லுக்குப் பொருளெழுதும்போது கட்டடத்தின் வடிவத்தோடு இவ்வுடைமை உறவையும் சேர்த்து எழுதுவார்களாயின், ஒரு குடியிருப்பு எப்போது லயமாயிருக்கிறது, எப்போது வீடாகிறது என்பதை அளந்தறிய அப்பதிவே துணைசெய்யும். லயங்கள் இடிக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இச்சொல் அகராதியில் நிலைபெற வேண்டும் என்பதே நமது துணிபு. இக்காலம் வரை நிகழ்ந்ததோ இதற்கு மாறானது.